சம்பந்தியும் உடைந்த பீர் ஜாடியும்

எனக்குப் பேச வராது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சரிப்படுத்தி வெளியே கொண்டுவருவதற்குள் மற்றவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை ஸ்டோர் வேலைதான். இயந்திர உதிரிபாகங்களைத் தட்டுகளில் அடுக்குவேன், கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பேன். "இருக்கு", "இல்ல", "நாளைக்கு வரும்" என்ற பதில்களை வைத்துக்கொண்டே பாதி ஆயுளை ஓட்டிவிட்டேன். அந்த வேலை எனக்குப் பிடித்துப் போனதும் அதனால்தான்.

இப்படிப்பட்டவனுக்குச் சம்பந்தியாக வந்தவரும் அதே ரகம்.

மகள் தானே பார்த்துச் சொன்ன பையன். இரண்டு குடும்பமும் முதன்முதலில் சந்தித்தது சிங்கப்பூரில், தோ பாயோவில் எங்கள் வீட்டில். என் மனைவியும் பையனின் அம்மாவும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். பையனின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உயரத்தில் ஒரு கேபினுக்குள் தனியாக உட்கார்ந்து, கப்பலில் இருக்கும் கண்டெய்னர்களைத் தூக்கி லாரியின் மேல் இறக்குவார். நாங்கள் இருவரும் ஒரே சோபாவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து, அணைத்து வைத்திருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கேசரி வந்தபோது அவர் சொன்னார், "நீங்க வீட்லயே பீர் போடுவீங்களாமே?"

"ஆமா."

"கஷ்டமா?"

"அப்படி ஒன்னும் இல்ல. கழுவுறதுதான் பெரிய வேலை."

அவர் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். அவ்வளவுதான். அவர்கள் போன பிறகு மனைவி, "அப்பாடா, ரெண்டு பேருக்கும் வாய் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது" என்றாள்.

பீர் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் டெலிவரி பிரிவில் இருந்த ஒரு சீன நண்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, தன்னுடைய பெரிய கண்ணாடி ஜாடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கழுத்து குறுகி வயிறு பெருத்த ஜாடி. முளைகட்டிய பார்லி மால்ட்டைக் காய்ச்சி, கசப்புக்கு ஹாப்ஸ் பூப் போட்டு, ஆறவைத்து, ஈஸ்ட்டோடு அதற்குள் ஊற்றி மூடிவிட்டால் அது தன் பாட்டுக்குப் புளித்துக்கொண்டிருக்கும். பிறகு பாட்டில்களில் அடைத்து இன்னும் சில வாரம் விட வேண்டும். வீட்டு உபயோகத்துக்குப் போட்டுக்கொள்ளலாம், விற்கக் கூடாது. நான் எதையும் விற்கத் தெரியாதவன், அதனால் அதில் பிரச்சினை இல்லை.

ஜாடியை வைத்திருந்தது பாம் ஷெல்டரில். இங்கே புதிதாகக் கட்டும் வீடுகளில் கனத்த இரும்புக் கதவு போட்ட ஒரு சிறிய அறை இருக்கும், குண்டு விழுந்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வதற்கு. குண்டு எதுவும் விழாததால் எல்லார் வீட்டிலும் அங்கே அரிசி மூட்டையும் சூட்கேசும் கிறிஸ்துமஸ் மரமோ கொலுப் படியோ இருக்கும். எங்கள் வீட்டில் பீர் இருந்தது. வெயில் படாத இடம், ஆனாலும் ஊர்ச் சூடு அங்கேயும் இருக்கும். அதனால் ஜாடிக்கு ஈரத் துண்டைச் சுற்றி, துணி அலசும் அளவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிற்க வைத்து, சின்னக் காற்றாடி போட்டிருப்பேன். என் மனைவி அதைக் "கைக்குழந்தை" என்பாள். விருந்தாளிகள் வந்தால் மட்டும் "இவரு உள்ள சம்சு காய்ச்சுறாரு" என்பாள். அந்தக் காலத்துத் திருட்டுச் சாராயத்தின் பெயர் அது. பழைய ஆட்கள் கேட்டதும் திடுக்கிட்டு என்னைப் பார்ப்பார்கள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

நிச்சயம் முடிந்த சில நாளில் மகள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அவள் மருத்துவமனையில் தாதி. இரவு வேலை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், கண் சிவந்திருந்தது.

"அப்பா, நாங்க ரெண்டு பேரும் பதிஞ்சு வச்சிருக்கிற வீடு கட்டி முடிய இன்னும் சில வருஷம் ஆகும், தெரியும்ல?"

"தெரியும்."

"அதுவரைக்கும் கிளமெண்டியில அவங்க வீட்லயே இருக்கணும்னு ஆண்ட்டி நினைக்கிறாங்க. ஆண்ட்டி ரொம்ப நல்லவங்க லா, நான் குறை சொல்லல. ஆனா அவங்க வீட்ல பிளவுஸ் தைக்கிறாங்க. காலையிலேர்ந்து மெஷின் ஓடும், கஸ்டமர் வருவாங்க, போவாங்க. நான் நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு எங்கப்பா தூங்குறது? நாங்க ரெண்டு பேரும் ஒரு ரூம் வாடகைக்கு எடுத்துக்கலாம்னு இருக்கோம்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"அம்மாகிட்ட சொன்னா ஆண்ட்டிகிட்ட நேரா சொல்லிடுவாங்க. டிராமா ஆயிடும். நீங்க அங்கிள்கிட்ட சொல்லுங்கப்பா. ஆம்பளைங்க ரெண்டு பேரும் அமைதியா பேசிட்டா முடிஞ்சிடும். ப்ளீஸ்."

அமைதியாக இருப்பதில் எங்கள் இருவருக்கும் குறைச்சலே இல்லை. பேசுவதில்தான் சிக்கல். அதோடு நான் பெண் வீட்டுக்காரன். மாப்பிள்ளையின் அப்பா எதைச் சொன்னாலும் "அதுக்கென்ன, செஞ்சிடலாம்" என்பதுதான் என் வாயில் வரவேண்டிய வார்த்தை. அப்படி யாரும் சட்டம் போடவில்லை. சிங்கப்பூரில் இந்தக் காலத்தில் பலர் அதைப் பார்ப்பதும் இல்லை. ஆனால் என் அப்பா அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன், என் மாமனார் என் வீட்டாரின் முன் அப்படி நின்றதையும் பார்த்திருக்கிறேன். அந்த நிற்கும் விதம் என் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மகளிடம் "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிடத்திலிருந்து அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

கடைசியில் எனக்குத் தோன்றிய வழி பீர்தான். குடித்தால் தைரியம் வரும் என்பதற்காக அல்ல. பாட்டிலில் அடைக்கும் வேலைக்கு இரண்டு பேர் இருந்தால் சுலபம். ஒருவர் டியூப் வழியாக நிரப்ப, மற்றவர் மூடி வைத்து அழுத்த வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்து கை வேலை செய்துகொண்டே இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. நடுவில் எப்போதாவது அந்தப் பேச்சை எடுத்துவிடலாம். அவரும் எப்படிப் போடுவது என்று பார்க்க ஆசைப்பட்டதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். கல்யாணப் புடவை எடுக்கப் பெண்கள் தேக்கா கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள். மகள் இரவு வேலை முடித்துத் தோழி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அது எங்களுக்கு வசதியாகத்தான் இருந்தது.

"நாங்க வர சாயந்தரம் ஆகும்" என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் சத்தம் போட்டுப் பேசி பக்கத்து வீட்டுக்காரங்கள எழுப்பிடாதீங்க."

சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே போனார். கதவு சாத்தியதும் வீடு மயான அமைதியாகிவிட்டது.

நல்லவேளை, வேலை இருந்தது. பாட்டில்களைக் கழுவினோம். அவர் மூடிகளைக் கழுவினார். ஒவ்வொரு மூடியையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, துணியில் துடைத்து, மேசை ஓரத்தில் வரிசையாக வைத்தார். இவ்வளவு சுத்தமாக நானே செய்ததில்லை. பிறகு தொட்டியோடு ஜாடியை ஷெல்டரிலிருந்து சமையலறை வரைக்கும் தரையில் இழுத்து வந்தோம். ஈரத் துண்டை எடுத்துவிட்டேன். இனி ஜாடியை மட்டும் மேசைமேல் தூக்கி வைக்க வேண்டும். உயரத்தில் இருந்தால்தான் டியூபில் பீர் இறங்கும்.

"ரெடியா?"

"ம்."

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். ஈரத்தில் என் கை வழுக்கியது. "கொஞ்சம் இறக்குங்க, பிடி சரியில்ல" என்றேன். மெதுவாகத்தான் இறக்கினோம். அடியில் டக் என்று ஒரு சின்னச் சத்தம்.

ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஜாடியின் அடிப்பக்கம் கோடு கோடாகப் பிளந்து, மேல்பாதி சரிந்து, உள்ளே இருந்த பீர் முழுவதும் தொட்டிக்குள் பொங்கி நின்றது.

"அலமாக்!" என்றார் சம்பந்தி. அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உரத்த சொல் அந்த மலாய் 'ஐயோ'தான்.

அவர் குனிந்து, தொட்டியின் அடியிலிருந்து ஒரு தகர மூடியை எடுத்தார். மேசையில் அவர் அடுக்கியிருந்ததில் ஒன்று, ஜாடியைத் தூக்கும்போது அவர் முழங்கை பட்டு உள்ளே விழுந்திருக்கிறது. ஜாடியின் மொத்தக் கனமும் அந்தச் சிறிய மூடியின் மேல் இறங்கியிருக்கிறது. அவர் முகம் சுருங்கிப் போனது.

"என் தப்பு" என்றார்.

"இல்ல இல்ல, நான்தான் இறக்கச் சொன்னேன்."

"மூடி என்னோடது."

"கை நழுவுனது என்னோடது. பரவால்ல."

"இத்தன வருஷமா கண்டெய்னர் இறக்குறேன் சம்பந்தி. ஒரு ஜாடிய இறக்கத் தெரியல எனக்கு."

"பரவால்ல, பரவால்ல" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் "பரவால்ல" என்றார். யார் யாருக்குச் சொல்கிறோம் என்பதே தெரியவில்லை.

ஜாடியைக் கொடுத்த நண்பர் அன்றைக்கே சொல்லியிருந்தார், உடைந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடு, யோசிக்காதே என்று. ஏன் என்றும் சொன்னார். கிருமிக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. புளித்து முடிந்த பீர் கெட்டுப்போனால் அனேகமாக நாக்கும் மூக்குமே காட்டிக் கொடுத்துவிடும். கண்ணாடி காட்டிக் கொடுக்காது. அதற்கு ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. பெரிய சில்லு அடியில் தங்கும். கண்ணுக்குத் தெரியாத துகள் பீரோடு சேர்ந்து வரும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த இடத்தில் நான் சொல்லவில்லை, ஏனென்றால் சம்பந்தி அதற்குள் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "வடிகட்டிடலாமே" என்றுவிட்டார்.

"வடிகட்டவா?"

"எங்க வீட்ல பொங்கலுக்கு வெல்லம் கரைச்சா அப்படித்தான். கல்லு மண்ணு எல்லாம் துணியிலயே நின்னுடும். உங்க உழைப்பு வீணாப் போக வேணாம்."

தன்னால் உடைந்தது என்ற வருத்தத்தில் அவர் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்றால், ஆமாம், உங்களால் எல்லாம் வீணாகிவிட்டது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். வெல்லத்துக்கு மனைவி வைத்திருந்த பழைய வேட்டித் துண்டு சமையலறை இழுப்பறையில் இருந்தது. போய் எடுத்து வந்தேன். அதை எப்படி எடுத்து வந்தேன் என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. கால் தானாகப் போனது.

பெரிய சில்லுகளை இடுக்கியால் எடுத்துப் போட்டோம். வேட்டியை நாலாக மடித்து ஒரு பாத்திரத்தின் வாயில் கட்டினோம். நான் கரண்டியால் ஊற்ற ஊற்ற, பழுப்பாக, நுரையோடு, பார்க்க மிக அழகாக இறங்கியது. வேகமாக இறங்கவில்லை என்று சம்பந்தி துணியைச் சேர்த்துக் கட்டி, தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி இரண்டு கையாலும் பிழிந்தார். பிழிந்துகொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"என்ன?"

"ஒன்னும் இல்ல. போதும்."

இரண்டு கிளாஸில் ஊற்றி மேசையில் வைத்தேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் இடது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

நான் கைப்பேசி விளக்கைப் போட்டு என் கிளாஸுக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே மினுமினுவென்று ஏதேதோ மேலே ஏறின, சில அப்படியே நின்றன. பீர் அல்லவா, குமிழி இருக்கத்தான் செய்யும். குமிழியும் மின்னும், கண்ணாடியும் மின்னும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் எது எது என்று சொல்ல முடியவில்லை.

"தெளிவாத்தான் இருக்கு" என்றார் சம்பந்தி. குரலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

"ஆமா" என்றேன். என் குரலிலும் இல்லை.

அவர் எனக்காகக் காத்திருந்தார். நான் அவருக்காகக் காத்திருந்தேன். விருந்தாளி குடிக்காமல் வீட்டுக்காரன் குடிக்கக் கூடாது. வீட்டுக்காரன் நீட்டியதை விருந்தாளி வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இரண்டு பேருக்கும் குடிக்க இஷ்டம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தே இருந்தது. ஆனாலும் இன்னும் ஒரு நிமிடம் போனால் இருவரும் மரியாதைக்காகக் கண்ணாடியைக் குடித்திருப்போம்.

அவர் வலது கையால் கிளாஸை எடுத்தார். அப்போதுதான் பார்த்தேன். அவர் காலடியில் வெள்ளை டைல்ஸின் மேல் ஒரு சிவப்புச் சொட்டு. பக்கத்தில் இன்னொன்று. மேசைக்குக் கீழே அவர் இடது கையில் கைக்குட்டையைப் பொத்திப் பிடித்திருந்தார். பிழியும்போது துணிக்குள் இருந்த சில்லு கிழித்திருக்கிறது. என் மனம் கஷ்டப்படும் என்று மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கிளாஸ் அவர் உதட்டுக்குப் போய்விட்டது. நான் எழுந்து, எட்டி அதைப் பறித்தேன். பாதி பீர் அவர் சட்டையில் கொட்டியது.

"குடிக்காதீங்க!"

"கொஞ்சம்தானே லா. பரவால்ல…"

"பரவால்ல இல்ல!" என்று கத்திவிட்டேன்.

என் குரல் சமையலறைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. வாழ்க்கையில் மூத்தவர் ஒருவரிடம், அதுவும் மாப்பிள்ளையின் அப்பாவிடம், அப்படி நான் பேசியதில்லை. எல்லாம் முடிந்தது, கல்யாணமே நின்றுவிடும் என்றுகூட நினைத்தேன்.

சம்பந்தி என்னை அண்ணாந்து பார்த்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"பரவால்ல இல்லையா?" என்றார் மெதுவாக. "அப்படி ஒரு வார்த்தை தமிழ்ல இருக்கா?"

அவர் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வராத சிரிப்பு. பிறகு சத்தம் வந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது.

"நீங்க கிளாஸப் புடுங்குனப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு" என்றார். "எப்படி வேணாம்னு சொல்றதுன்னு தெரியாம முழிச்சிக்கிட்டு இருந்தேன்."

"எனக்கு மட்டும் என்ன?"

கையைக் குழாயில் காட்டிக் கழுவினோம். உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே கீறல். மருந்து போட்டு, பிளாஸ்டர் ஒட்டி, துணியால் கட்டினேன். என் பழைய டி-சட்டை ஒன்றைக் கொடுத்தேன். ஸ்டோரில் கொடுத்த ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, வடிகட்டியது வடிகட்டாதது எல்லாவற்றையும் கழிவறையில் ஊற்றினேன். வேட்டித் துண்டையும் தூக்கிப் போட்டேன், தொட்டியையும் விடவில்லை. வீடு முழுக்க பீர் வாசம்.

சில்லுகளை மாடியிலிருந்து கீழே போகும் குப்பைக் குழாயில் போடுவது சரியில்லை என்றார் சம்பந்தி. கீழே எடுக்கிறவருக்குக் கை கிழியும். பழைய செய்தித்தாளில் சுற்றி, ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டினோம். மேலே ஆங்கிலத்தில் கண்ணாடி என்று எழுதினேன். தமிழிலும் எழுதினேன்.

"குப்பை எடுக்குறவரு பங்களாதேஷ்காரரா இருந்தா?" என்று கேட்டார்.

யோசித்துவிட்டுப் பேனாவை வாங்கி, ஒரு உடைந்த கிளாஸையும், பக்கத்தில் ஒரு கையையும், கையிலிருந்து சொட்டும் துளியையும் வரைந்தார். கை நன்றாக வரவில்லை, கத்திரிக்காய் மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். "கிரேன்காரன் கை அப்படித்தான் இருக்கும்" என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினோம். கதவு மூடியது. ஒருமுறை கத்திவிட்டதால் தொண்டை திறந்திருக்கிறது, இது மறுபடி அடைத்துக்கொள்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மாடி எண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"சம்பந்தி, ஒன்னு சொல்லணும். தப்பா நினைக்கக் கூடாது. கல்யாணத்துக்கு அப்புறம் புள்ளைங்க ரெண்டும் வாடகைக்கு ஒரு ரூம் எடுத்துத் தனியா இருக்கணும்னு நினைக்குதுங்க. உங்க வீட்ல குறைன்னு இல்ல. என் மகளுக்கு நைட் டியூட்டி. பகல்ல தூங்கணும். மெஷின் சத்தத்துல தூக்கம் வராது."

அவர் வாயைத் திறந்தார். அதே நேரத்தில் லிஃப்ட் நின்றது. சந்தை வண்டியை இழுத்துக்கொண்டு ஒரு சீனப் பாட்டி ஏறினார். எங்கள் பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்தார், சம்பந்தியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், எங்கள் மேல் அடித்த பீர் வாசத்தில் மூக்கைச் சுளித்துக்கொண்டு சுவரோடு ஒதுங்கினார். அவ்வளவு நீளமான லிஃப்ட் பயணம் எனக்கு வாய்த்ததே இல்லை.

குப்பைத் தொட்டியின் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் சொன்னார்.

"என் பையனும் இதையே என்கிட்ட சொன்னான்."

"எப்போ?"

"நிச்சயத்துக்கு முன்னாடியே. நீங்க அம்மாகிட்ட சொல்லுங்கப்பான்னான். நானும் எத்தனையோ தடவை சாப்பிட உக்காந்தப்ப வாயத் திறந்தேன். கடைசியில கொழம்பு நல்லாருக்குன்னு சொல்லிட்டு எழுந்துடுவேன். அவளும் திடீர்னு இந்த மனுஷன் இவ்ளோ பாராட்டுறானேன்னு தினமும் அதே கொழம்ப வைக்கிறா."

"அப்போ இன்னைக்கு…"

"இன்னைக்கு உங்ககிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க உங்க வீட்ல சொல்லுவீங்க. அவங்க என் வீட்ல சொல்லுவாங்க."

நானும் அதே திட்டத்தோடுதான் இருந்தேன் என்று சொன்னேன். இரண்டு பேரும் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வெட்கம் இல்லாமல் சிரித்தோம்.

மேலே வந்து தரையைத் துடைத்து முடிப்பதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் கையிலும் பைகள்.

"என்னங்க இது, கள்ளுக்கடை மாதிரி நாறுது!" என்றாள் என் மனைவி. சம்பந்தியம்மா தன் கணவர் போட்டிருந்த டி-சட்டையைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார்.

"ஒரு மத்தியானம் தனியா விட்டுட்டுப் போனா இப்படியா? என்ன ஆச்சு கைக்கு?"

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"கை இருக்கட்டும்" என்றார் அவர். "உக்காரு. புள்ளைங்க விஷயமா ஒன்னு பேசணும். கல்யாணத்துக்கு அப்புறம்…" அங்கே நின்றுவிட்டார். விட்ட இடத்திலிருந்து நான் சொன்னேன். நைட் டியூட்டி, தூக்கம், வாடகை அறை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். நடுவில் நான் மூச்சு வாங்கியபோது அவர் எடுத்துக்கொண்டார்.

என் மனைவி வாயைத் திறந்தபடி நின்றாள். நான் பேசியதில் ஏற்பட்ட அதிர்ச்சியில் விஷயம் அவள் காதில் ஏறியதா என்றே சந்தேகம்.

சம்பந்தியம்மா பையிலிருந்து ஒரு புடவையை எடுத்து மடியில் விரித்தார், ஓரத்தைத் தடவினார், மறுபடி மடித்தார்.

"மெஷினை எடுத்து கிச்சன் பக்கம் போட்டுடலாம்னு இருந்தேன்" என்றார். "ரூமுக்குத் திரைகூட தச்சு வச்சிட்டேன்."

எனக்கு மனம் கஷ்டமாகிவிட்டது. அவர் இதையெல்லாம் யோசித்து வைத்திருப்பார் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"அந்தத் திரைய அவங்க ரூம்லயே மாட்டிக்கட்டும்மா" என்றேன். "பகல்ல தூங்குறதுக்கு இருட்டு வேணும்ல?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் பையனுக்கு முட்டை அவிக்கத் தெரியாது" என்றார்.

"என் மகளுக்கும்தான்" என்றாள் என் மனைவி.

"அப்போ கிளமெண்டியிலயே ரூம் பாக்கச் சொல்லுங்க அண்ணே. எட்டிப் போய் ஏதாவது கொடுத்துட்டு வர்ற தூரத்துல."

அப்போதுதான் மகள் வீடியோவில் கூப்பிட்டாள், புடவையைப் பார்க்க. தூங்கி எழுந்த முகம். புடவைக்குப் பின்னால் சம்பந்தியின் கட்டுப் போட்ட கை அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"அங்கிள், அது என்ன? கட்டைப் பிரிங்க. கிட்ட காட்டுங்க. விரலை மடக்குங்க. குத்துற மாதிரி இருக்கா?"

"லேசா."

"உள்ள கண்ணாடி இருக்கலாம். இப்பவே கிளினிக் போங்க. அப்பா, நீங்க கூட்டிட்டுப் போங்க."

வருங்கால மாமனாருக்கு அவள் போட்ட முதல் உத்தரவு அது. அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஒரு கிளினிக் பக்கத்து அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கிறது. கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தோம். இங்கேயும் டிவி இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது, நாங்கள் பார்க்கவில்லை. கிரேன் கேபினில் மழை நாளில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். காற்று அடித்தால் கேபின் எப்படி ஆடும், பழகாதவனுக்கு வாந்தி வரும், விடியற்காலையில் தீவுகளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் ஏறும்போது கீழே கண்டெய்னர்கள் எல்லாம் சோப்புக் கட்டி மாதிரி நிறம் நிறமாகத் தெரியும். நான் என் ஸ்டோரைப் பற்றிச் சொன்னேன். இருபது வருடமாக யாருமே கேட்டு வராத ஒரு போல்ட் அங்கே இருக்கிறது என்றேன். அது எதற்கு என்று கேட்டார். எனக்கும் தெரியாது, கேட்கிறவர் ஒரு நாள் வரட்டும் என்று வைத்திருக்கிறேன் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அங்கிள்! அங்கிள்!" என்று யாரோ தோளைத் தட்டினார்கள். கவுண்டரில் இருந்த பெண் எழுந்து எங்களிடமே வந்துவிட்டாள். "எத்தனை தடவை உங்க நம்பரைக் கூப்பிடுறது? ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்கீங்க!"